நுனி அவிழும் குரோமோசோம்: ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவின் மரபணு நிலையின்மை

"கல்ச்சர் களைத்துவிட்டது", "ஸ்ட்ரெயின் பழசாகிவிட்டது." ஆன்டிபயாட்டிக் சுரக்கும் மண் பாக்டீரியாவை வளர்க்கும் இடங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். (கல்ச்சர் என்பது வளர்ப்பு; ஸ்ட்ரெயின் என்பது ஓர் இனத்துக்குள் ஒரு தனி வகை.) சில மாதங்கள் முன்பு வரை நன்றாக மருந்து தந்த வளர்ப்பு இப்போது பாதிகூடத் தருவதில்லை. வளர்ப்புத் தட்டில் பார்த்தால் காலனிகள், அதாவது ஒரு செல்லிலிருந்து பெருகிய கூட்டங்கள், ஒரே மாதிரி இல்லை. சில மேலே பஞ்சு போல இழை எழாமல் வழுக்கையாக இருக்கின்றன, சில நிறமிழந்திருக்கின்றன, சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் வேறு நிறம். வளர்ப்பவர் ஊடகத்தை (பாக்டீரியா வளரும் உணவுக் கலவையை) மாற்றிப் பார்க்கிறார், வெப்பத்தை மாற்றிப் பார்க்கிறார். எதுவும் உதவுவதில்லை.

பாக்டீரியாவுக்குக் களைப்பு கிடையாது. நடந்திருப்பது வேறு. அந்த உயிரணுக்களில் சில தம் குரோமோசோமின் நுனியிலிருந்து மிகப் பெரிய துண்டுகளை இழந்துவிட்டன. நாம் வளர்த்த முறை அப்படி இழந்தவற்றையே பெருக விட்டிருக்கிறது. இதைத்தான் மரபணு நிலையின்மை என்கிறோம்: டிஎன்ஏ ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு அப்படியே போய்ச் சேராமல், வழக்கத்தைவிடப் பல மடங்கு அடிக்கடி பெரிய அளவில் மாறுவது.

முதலில், இது எது இல்லை

ஆன்டிபயாட்டிக், பாக்டீரியா, மரபணு மாற்றம் என்ற மூன்று சொற்களும் ஒன்றாக வந்தாலே பலருக்கு நினைவுக்கு வருவது மருந்துக்கு அடங்காத நோய்க்கிருமிகள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. அங்கே பேசப்படுவது மருந்தைத் தாங்கும் கிருமி; இங்கே பேசப்படுவது மருந்தைத் தயாரிக்கும் பாக்டீரியா. அதன் பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ். மண்ணில் வாழ்வது, மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளைத் தருவது. இயற்கையிலிருந்து பெற்று மருத்துவத்தில் பயன்படும் ஆன்டிபயாட்டிக்குகளில் பாதிக்கு மேல் இதுவும் இதன் உறவினங்களும் தந்தவை. 1943இல் ஆல்பர்ட் ஷாட்ஸ், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் அவற்றில் புகழ்பெற்றது. காசநோய்க்கு முதலில் பலன் தந்த ஆன்டிபயாட்டிக் அதுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மரபணு மாற்றம் என்றதும் டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறுவதையே நினைக்கிறோம். ஒரு குறிப்பிட்ட மரபணு அப்படிக் கெட்டுப்போவது, பொதுவான பாக்டீரியாவில் ஒரு தலைமுறைக்குச் சுமார் பத்து லட்சத்தில் ஒன்றுக்குத்தான் நேரும். ஸ்ட்ரெப்டோமைசிஸில் நிறம், வித்து (உறங்கிக் கிடந்து பின் முளைக்கும் செல்) உருவாக்கம், மருந்து உற்பத்தி போன்ற சில பண்புகள் ஆயிரத்தில் ஒன்று முதல் நூறில் ஒன்று வரையான வித்துகளில் தாமாகவே காணாமல் போகின்றன. ஆயிரம் மடங்குக்கும் மேலான வேறுபாடு இது. எழுத்துப்பிழைகளால் இந்த வேகத்தை எட்ட முடியாது.

கயிறும் வளையமும்

ஒரு கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்பகுதி என்றும் பிரிவதில்லை. பிரிவது நுனிதான். அதனால்தான் நுனியில் முடிச்சுப் போடுகிறோம். முடிச்சு அறுந்தால் புரி புரியாக அவிழ்ந்து கயிறு குட்டையாகிக்கொண்டே போகும். இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று கட்டி வளையமாக்கிவிட்டால் அவிழ நுனியே இல்லை.

பெரும்பாலான பாக்டீரியாக்களின் குரோமோசோம் வளையம். குடலில் வாழும் ஈ. கோலைக்கு சுமார் 46 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரே வளையம். ஸ்ட்ரெப்டோமைசிஸின் குரோமோசோமோ இரண்டு நுனிகள் உள்ள நீள்கயிறு, அதுவும் 80 லட்சம் முதல் ஒரு கோடி எழுத்துகள் வரை நீண்டது. பாக்டீரியா என்றாலே வளையம் என்று எல்லோரும் நம்பியிருந்ததால் இது தெரியவரவே நாளாயிற்று. 1993இல்தான் ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ் என்ற இனத்தில் உறுதியாகக் காட்டினார்கள்.

நுனியில் முடிச்சும் உண்டு. அது முனைப் புரதம், அதாவது டிஎன்ஏவின் கடைசி எழுத்தோடு வேதிப்பிணைப்பால் ஒட்டியிருக்கும் ஒரு புரதம். வெறும் காவல் மட்டும் அதன் வேலை அல்ல. குரோமோசோம் நகலெடுக்கப்படுவது நடுவிலிருந்து இருபுறமும் போகும். நகலெடுக்கும் பொறி நுனியை நெருங்கும்போது, ஓர் இழையில் கடைசி 280 எழுத்துகள் அளவு வெற்றிடமாக நின்றுவிடும். அந்த இடைவெளியை நிரப்பும் வேலையைத் தொடங்கிவைப்பது முனைப் புரதம். அது இல்லையென்றால் ஒவ்வொரு நகலிலும் குரோமோசோம் தேய்ந்துகொண்டே வரும்.

கயிற்று உவமை இதுவரைதான் உதவும். உண்மையான குரோமோசோமில் நுனி மெல்ல மெல்ல அவிழ்வதில்லை. ஒரே அடியாக லட்சக்கணக்கான எழுத்துகள் கழன்றுபோகின்றன.

நடுப்பகுதியும் கைகளும்

1950களின் நடுவிலிருந்து பிரிட்டிஷ் மரபியலாளர் டேவிட் ஹாப்வுட் ஆராய்ந்துவந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரின் முழு டிஎன்ஏ வரிசை 2002இல் வெளிவந்தது. மொத்தம் 86,67,507 எழுத்துகள், ஏறத்தாழ 7,800 மரபணுக்கள். அன்றுவரை வரிசைப்படுத்திய பாக்டீரியாக்கள் எதிலும் இவ்வளவு மரபணுக்கள் இருந்ததில்லை. அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. உயிர்வாழ இன்றியமையாத மரபணுக்களில் பெரும்பாலானவை (டிஎன்ஏ நகலெடுப்பு, புரத உற்பத்தி, செல் பிரிவு) நடுவில் உள்ள சுமார் 49 லட்சம் எழுத்துகளுக்குள் அடங்கியிருந்தன. அதை நடுப்பகுதி என்போம். இடப்புறம் 15 லட்சம், வலப்புறம் 23 லட்சம் எழுத்துகள் இரண்டு கைகள். சூழலுக்கேற்பத் தேவைப்படும் பொருள்களுக்கான மரபணுக்கள் கைகளில் மிகுதி: சிக்கலான உணவுகளைச் செரிக்கும் நொதிகள், போட்டியாளர்களைத் தாக்கும் வேதிப்பொருள்கள், பெரும்பாலும் இன்னும் வேலை தெரியாதவை.

இதனால்தான் நிலையின்மை உயிரைக் கொல்வதில்லை. கை முழுவதும் போனாலும் ஊட்டமான தட்டில் பாக்டீரியா வாழும். நடுவில் அதே அளவு போயிருந்தால் செல் அன்றே இறந்திருக்கும், நம் கண்ணில் படாது. நுனி மட்டும்தான் உடைகிறது என்று நமக்குத் தோன்றுவதில் இதற்கும் பங்குண்டு. உடைவு எங்கும் நேரலாம்; பிழைத்து வந்து காட்சி தருவது கைகளில் உடைந்தவையே.

மருந்து மரபணுக்கள் எல்லாமே நுனியில் இருக்கின்றன என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது தவறு. சீலிகலரின் நீல நிற ஆன்டிபயாட்டிக்கான ஆக்டினோரோடினை உருவாக்கும் மரபணுத் தொகுப்பு நடுப்பகுதிக்குள்ளேயே இருக்கிறது. அதே இனத்தின் மெத்திலனோமைசின் தொகுப்போ குரோமோசோமிலேயே இல்லை. எஸ்சிபி1 என்ற பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக நகலெடுத்துக்கொள்ளும் டிஎன்ஏத் துண்டில் இருக்கிறது. அந்த பிளாஸ்மிட் போனால் அந்த மருந்தும் போகும். பண்புகள் இவ்வளவு எளிதில் தொலைவதைப் பார்த்த முந்தைய தலைமுறை ஆய்வாளர்கள் எல்லாவற்றுக்கும் பிளாஸ்மிடையே காரணமாகக் கருதியதும் இதனால்தான். நேர்மையான யூகம். ஆனால் பெரும்பாலான வழக்குகளில் குற்றவாளி குரோமோசோமின் கை.

இதுவரை: குரோமோசோம் நீள்வடிவம், நுனிகளை முனைப் புரதம் காக்கிறது, இன்றியமையாதவை பெரும்பாலும் நடுவில், தேவைக்கேற்பப் பயன்படுபவை பெரும்பாலும் கைகளில். கையை இழந்தாலும் செல் பிழைக்கும்.

உடைந்தபின் நடப்பது

டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுவதை இரட்டை உடைவு என்கிறார்கள். நகலெடுக்கும் பொறி தடைபட்டு நிற்பது, புற ஊதாக்கதிர், ஆக்சிஜன் சார்ந்த தீவிரப் பொருள்கள், மைட்டோமைசின் சி போன்ற வேதிப்பொருள்கள் எல்லாம் உடைவை உண்டாக்கும். இவை பட்ட வளர்ப்பில் நிலையின்மை கூடுவது பலமுறை காணப்பட்டிருக்கிறது. மரபணுவைச் செலுத்துவதற்காகச் செல்சுவரை நொதியால் கரைத்து மீண்டும் வளரவிடும் புரோட்டோபிளாஸ்ட் முறைக்கும் இதே விளைவு உண்டு. இதை அறியாமல், மரபணுவைச் செலுத்தியதால்தான் மாற்றம் வந்தது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. மரபணு எதையும் செலுத்தாமல் அதே நடைமுறையைக் கடந்த காலனிகளை ஒப்பீட்டுக்கு வைக்காமல் அப்படிச் சொல்லக்கூடாது.

கையின் நடுவே உடைவு விழுந்தால் வெளித்துண்டுக்கு நகலெடுப்பு தொடங்கும் இடம் இல்லை. எனவே அது தொலைந்துவிடும். உள்துண்டின் புதிய நுனியில் முனைப் புரதம் இல்லை. செல் அதை எப்படியாவது சரிசெய்தாக வேண்டும். மூன்று வழிகள் பொதுவாகக் காணப்படுகின்றன.

முதல் வழியில், உடைந்த நுனி இன்னொரு கையைப் பார்த்து நகலெடுத்துக்கொள்கிறது. ஒரே மாதிரியான எழுத்து வரிசைகளைப் பொருத்திப் பழுதுபார்க்கும் இந்த முறைக்கு ஒத்தவரிசை இணைப்பு என்று பெயர். குரோமோசோமின் இரண்டு நுனிகளும் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று தலைகீழான ஒரே வரிசையைக் கொண்டிருப்பது வழக்கம். சீலிகலரில் அது சுமார் 22,000 எழுத்துகள். இந்தப் பழுதுபார்ப்புக்குப் பின் இடக்கை போய் இரண்டு பக்கமும் வலக்கையாகவே அமைந்த குரோமோசோமும் வரக்கூடும்.

இரண்டாவது, இரண்டு கைகளும் உடைந்து, எஞ்சிய நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. நீள்கயிறு வளையமாகிவிடுகிறது. கிரிசியஸ், லிவிடன்ஸ் போன்ற இனங்களில் இப்படி வளையமானவை கிடைத்திருக்கின்றன. ஆய்வகத்தில் அவை நன்றாகவே வளர்கின்றன.

மூன்றாவது, உடைந்த இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொள்வது. அதில் பிறப்பவை பெரும்பாலும் நிலைப்பதில்லை.

இழப்பின் அளவைக் கேட்டால் நம்பக் கடினம். 20 லட்சம் எழுத்துகள் வரை, அதாவது குரோமோசோமில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போன திரிபுகள், அதாவது மாறிப்போன வகைகள், கிடைத்திருக்கின்றன.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நுனி இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம், வளையமாக்கிவிட்டால் தீர்ந்தது என்ற முடிவு தவறு. லிவிடன்ஸில் வளையமான குரோமோசோம்களும் ஒட்டிய இடத்தைச் சுற்றித் தொடர்ந்து துண்டுகளை இழந்தன. இழந்தாலும் உயிர் போகாத பகுதி இருக்கும் வரை, வடிவம் எதுவானாலும் இழப்பு தொடரும்.

இழப்போடு பெருக்கமும்

நிலையின்மையின் இன்னொரு முகம் பெருக்கம்: டிஎன்ஏவின் ஒரு சிறு துண்டு அடுத்தடுத்துப் பல பிரதிகளாக வரிசையில் நிற்பது. லிவிடன்ஸில் இது தெளிவாகத் தெரியும். அதன் வித்துகளில் சுமார் 0.5 முதல் 1 சதவீதம் வரை குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் திறனைத் தாமாகவே இழக்கின்றன. அப்படி இழந்தவற்றின் சந்ததியில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்கும் திறனையும் இழக்கிறது. பின்னவற்றில் 5,700 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு சில நூறு பிரதிகளாகப் பெருகியிருக்கும்.

இந்த வரிசைக்குக் காரணம் அமைவிடம். குளோராம்ஃபெனிகாலைத் தாங்க உதவும் மரபணு நுனிக்கு அருகில். அர்ஜினைன் மரபணு அதைவிட உள்ளே. நுனியிலிருந்து கொஞ்சம் போனால் முதலாவது இல்லாமல் போகும், நிறையப் போனால் இரண்டும். எவ்வளவு கை போயிற்று என்பதை இரண்டே தட்டுகளை (குளோராம்ஃபெனிகால் கலந்தது ஒன்று, அர்ஜினைன் இல்லாதது ஒன்று) வைத்து ஊகிக்க முடிகிறது என்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று.

மருந்து மரபணு இருந்தும் மருந்து வராதபோது

ஸ்ட்ரெப்டோமைசின் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸில், மருந்தைத் தயாரிக்கத் தொடங்கலாம் என்ற ஆணையைத் தருவது ஏ-காரணி என்ற சிறு மூலக்கூறு. 1960களில் சோவியத் ஒன்றியத்தில் கோக்லோவும் உடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்தது. செல்கள் அதை வெளியே விடுகின்றன. சேர்ந்து போதிய அளவு வந்ததும் எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் மருந்து உற்பத்தியையும் வித்து உருவாக்கத்தையும் தொடங்கும். ஒரு லிட்டருக்கு ஒரு கிராமில் கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், அவ்வளவு நுண்ணிய அளவில் வேலை செய்வது.

ஏ-காரணியைத் தயாரிக்கும் மரபணுவின் பெயர் ஏஎஃப்எஸ்ஏ. அது குரோமோசோமின் நுனிக்கு அருகில் இருக்கிறது. நுனி போகும்போது அதுவும் போகிறது. ஸ்ட்ரெப்டோமைசினைத் தயாரிக்கும் மரபணுக்கள் வேறிடத்தில் முழுமையாகவே இருக்கின்றன. ஆணை மட்டும் வருவதில்லை. எனவே காலனி வழுக்கையாகிறது, மருந்தும் நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து ஏ-காரணியைச் சேர்த்தால் இரண்டும் திரும்புகின்றன. நல்ல காலனிக்குப் பக்கத்தில் வழுக்கைக் காலனியை வளர்த்தாலே, கசிந்து வரும் ஏ-காரணி பட்ட பக்கம் வித்து தோன்றும்.

ஒரே ஒரு உடைவில் நிறம், வித்து, மருந்து, தாங்கும் திறன் எல்லாம் ஒரு சேரப் போவது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. காலனியின் தோற்றம் மாறினால் உற்பத்தியையும் உடனே அளந்து பாருங்கள் என்று இந்தத் துறையில் வலியுறுத்துவதன் காரணமும் இதுவே. ஆனால் தோற்றம் மாறாமலும் உற்பத்தி போகலாம் என்பதை மறக்கக்கூடாது.

தட்டில் இருப்பது ஒரு கூட்டம்

ஸ்ட்ரெப்டோமைசிஸ் பூஞ்சையைப் போல இழைகளாக வளர்வது. ஓர் இழையின் ஒரு பகுதிக்குள் குரோமோசோமின் பல பிரதிகள் இருக்கும். அவற்றில் ஒன்று கையை இழந்தாலும் மற்றவை அந்தக் குறையை நிரப்பிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

வான்நோக்கி எழும் இழைகள் முதிர்ந்ததும் குறுக்குச்சுவர்கள் தோன்றி, ஒவ்வொன்றும் பல பத்து வித்துகளாகப் பிரியும். வித்து என்பது வறட்சியைத் தாங்கி உறங்கக்கூடிய, வழக்கமாக ஒரே ஒரு குரோமோசோம் கொண்ட செல். மறைந்திருந்த குறை இங்கேதான் வெளிப்படுகிறது. கை இழந்த குரோமோசோம் தனியே ஒரு வித்துக்குள் போய், அது முளைத்தால் காலனி முழுவதும் அதே குறையோடு வரும். வளரும் காலனியின் ஓரத்தில் ஓர் இழையில் மாற்றம் நேர்ந்தால், அங்கிருந்து வெளிநோக்கி ஆப்பு வடிவில் வேறு நிறப் பகுதி விரியும். வழுக்கைக் காலனி வித்தே தராது. அதனால் அதை வித்து வழியே சேமிக்கவும் முடியாது. இழைத்துண்டுகளாகத்தான் காக்க வேண்டும்.

இப்போது கணக்கு. ஒரு சுற்று வளர்ப்பில் 0.5 சதவீதம் வித்துகள் பண்பை இழப்பதாக வைத்துக்கொள்வோம். இழந்தவையும் மற்றவையும் ஒரே வேகத்தில் பெருகினால், 10 சுற்றுகளுக்குப் பின் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் இழந்தவை இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மருந்து தயாரிக்கும் சுமை இல்லாததால் இழந்தவை ஒவ்வொரு சுற்றிலும் இரு மடங்கு பெருகுகின்றன என்றால், அதே 10 சுற்றுகளில் 80 சதவீதத்துக்கு மேல் அவையே. முதல் 4 சுற்றுகள் வரை 10 சதவீதத்தைக்கூட எட்டியிருக்காது. அதனால்தான் சரிவு திடீரென வந்ததாகத் தோன்றுகிறது.

பெரிய தொட்டிகளிலும் இதே கணக்கு. 5 சதவீதம் விதை வளர்ப்பை ஊற்றி ஒரு தொட்டியை நிரப்பினால், அது நிரம்ப 20 மடங்கு வளர வேண்டும், அதாவது நான்கு தலைமுறைக்குச் சற்று மேல். இப்படி மூன்று கட்டம் கடந்தால் 13 தலைமுறைகள். தொடக்கக் குப்பியில் கலப்பு இருந்தால் அது தொட்டியில் பெருகியே தீரும்.

சுருங்கச் சொன்னால், நிலையின்மை மாற்றங்களைத் தருகிறது. எந்த மாற்றம் பெருகும் என்பதை வளர்ப்பு முறை தீர்மானிக்கிறது. முதலாவதை நிறுத்த முடியாது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

காரணம் மரபணுவா, ஊடகமா?

உற்பத்தி குறைந்ததும் மரபணுவைக் குறை சொல்வதும் தவறுதான். ஊடகத்தில் பாஸ்பேட் மிகுந்தாலோ குளுக்கோஸ் மிகுந்தாலோ பல ஆன்டிபயாட்டிக்குகளின் உற்பத்தி அடங்கிவிடும். பிரித்தறிவது எளிது. ஃபிரீசரில் உள்ள பழைய குப்பியையும் இப்போதைய வளர்ப்பையும் ஒரே நாளில் தயாரித்த ஒரே ஊடகத்தில் அருகருகே வளர்க்கவும். இரண்டும் குறைத்துத் தந்தால் ஊடகமோ நிலைமையோ காரணம். இப்போதைய வளர்ப்பு மட்டும் குறைத்தால் அந்தக் கூட்டத்தில் திரிபு கலந்துவிட்டது.

அடுத்தது, எவ்வளவு கலந்திருக்கிறது என்பது. வித்துக் கரைசலைப் பத்து பத்து மடங்காக நீர்த்து, 9 செ.மீ. தட்டில் 30 முதல் 100 காலனிகள் வரும்படி பரப்பவும். 28 முதல் 30 டிகிரி செல்சியஸில் 5 முதல் 7 நாள்கள். நெருக்கமாக வளர்ந்தால் வேறுபாடு தெரியாது. குறைந்த நாளில் பார்த்தால் நிறம் முதிர்ந்திருக்காது, எல்லாம் வழுக்கையாகத் தோன்றும். ஒவ்வொரு காலனியிலிருந்தும் ஒரே அளவு அகார் (தட்டில் உள்ள கூழ் ஊடகம்) துண்டை, 6 மி.மீ. துளைப்பான் போதும், வெட்டி, மருந்து பட்டால் வளராத பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவைப் பரப்பிய தட்டில் வைத்துச் சுற்றிலும் வரும் தெளிந்த வட்டத்தை அளக்கவும்.

எத்தனை காலனிகள்? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உண்மையில் 1 சதவீதம் திரிபு இருந்தாலும், 100 காலனிகளில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக 37 சதவீத வாய்ப்பு உண்டு. 300 பார்த்தால் அந்த வாய்ப்பு 5 சதவீதமாகிறது. பத்துக் காலனி பார்த்துவிட்டு "வளர்ப்பு சுத்தம்" என்று எழுதுவதில் பொருளே இல்லை.

டிஎன்ஏ வரிசையிடல் வசதி இருந்தால் ஒரு காலனியிலிருந்து வளர்த்த டிஎன்ஏவை அனுப்புங்கள். குரோமோசோம் நெடுக ஒவ்வோர் இடமும் எத்தனை முறை படிக்கப்பட்டது என்று வரைந்தால், கை போன இடத்தில் கோடு பூச்சியத்துக்கு இறங்கும், பெருகிய துண்டு இருக்கும் இடத்தில் கோபுரமாக எழும். கலந்த வளர்ப்பை அப்படியே அனுப்பினால், 5 சதவீதக் கலப்பு அந்தக் கோட்டை 5 சதவீதம் மட்டுமே தாழ்த்தும். கண்ணுக்குத் தெரியாது.

காக்கும் முறை

அடிப்படை ஒன்றே: மூலத்துக்கும் பயன்பாட்டுக்கும் இடையில் தலைமுறைகளைக் குறைப்பது.

வித்து நன்றாக வரும் ஊடகம் வேண்டும். பலரும் பயன்படுத்துவது சோயா மாவு, மானிட்டால், அகார் மூன்றும் லிட்டருக்கு 20 கிராம் வீதம், குழாய்நீரில். சோயா மாவு கரையாமல் அடியில் தங்கும். ஆகவே பெரிய பாத்திரத்தில் மொத்தமாகக் காய்ச்சிப் பிரிக்காமல், சிறு குடுவைகளில் தனித்தனியாக எடையிட்டு, 115 டிகிரியில் 15 நிமிடம் வீதம் இரண்டு முறை ஆட்டோகிளேவ் செய்வது (அழுத்த நீராவியில் கிருமி நீக்குவது) வழக்கம், இடையில் மெதுவாகக் குலுக்கி.

சோதித்துத் தேர்ந்த காலனிகளிலிருந்து பரப்பி, வித்து முதிர்ந்ததும் தட்டில் சுமார் 10 மி.லி. கிருமி நீக்கிய நீரை ஊற்றி மெதுவாகச் சுரண்டி எடுக்கவும். கிருமி நீக்கிய பஞ்சின் வழியே வடிகட்டினால் இழைகள் தங்கி வித்துகள் மட்டும் இறங்கும். இந்த வடிகட்டலைத் தவிர்க்காதீர்கள். பல பிரதிகள் கொண்ட இழைத்துண்டுகள் கலந்தால் மறைந்த குறைகளும் சேர்ந்து உறைந்துவிடும். சுழற்றிப் படியவைத்து, 20 சதவீத கிளிசராலில் 1 முதல் 2 மி.லி. கரைசலாக்கி, சிறு குப்பிகளில் பிரித்து மைனஸ் 20 அல்லது மைனஸ் 80 டிகிரியில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

குப்பிகளை இரண்டு அடுக்காக வைக்க வேண்டும். முதல் அடுக்கு மூலக் குப்பிகள், தொடவே கூடாதவை. அவற்றில் ஒன்றைத் திறந்து ஒரே சுற்றில் பயன்பாட்டுக் குப்பிகளை நிறையத் தயாரிக்கவும். ஒவ்வொரு சோதனையும் புதிய பயன்பாட்டுக் குப்பியிலிருந்து தொடங்கும். முடிந்ததும் மிச்சத்தை மீண்டும் உறைய வைக்காமல் கழித்துவிடவும். அவை தீர்ந்தால் அடுத்த மூலக் குப்பி. ஒருபோதும் போன வாரத் தட்டிலிருந்து இந்த வாரத் தட்டுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போகக்கூடாது. பல ஸ்ட்ரெயின்கள் தொலைந்தது இந்தச் சங்கிலியில்தான்.

ஒற்றைக் காலனியை எடுப்பதிலும் சிக்கல் உண்டு. அது பெரும்பாலும் முழுவதும் நல்லதாகவோ முழுவதும் கெட்டதாகவோ இருக்கும். பஞ்சு போலப் புசுபுசுவென அழகாக எழுந்த காலனியைக் கண் தேடிப் போகும். அழகான காலனி மருந்தும் நிறையத் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சோதித்த பிறகே எடுக்கவும், ஒன்றுக்குப் பதில் சில பல காலனிகளாக.

இயற்கை இதை ஏன் விட்டுவைத்தது?

இவ்வளவு இழப்பு தரும் அமைப்பு கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருக்கிறது என்றால் அதில் பயனும் இருக்க வேண்டும். ஒரு விளக்கம்: இழந்தாலும் உயிர் போகாத கைகள், புதிய மரபணுக்கள் வந்து தங்கவும் மாறவும் ஏற்ற இடம். மண்ணில் போட்டியாளர்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது புதுப்புது வேதிப்பொருள்கள் பிறப்பது அங்கேதான்.

இரண்டாவது விளக்கம் 2020இல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் சீலிகலரைப் பற்றி வெளிவந்த ஆய்விலிருந்து வருகிறது. ஒரே காலனிக்குள் சில செல்கள் வலக்கை நுனியிலிருந்து பெரிய துண்டுகளை, 10 லட்சம் எழுத்துகள் அளவுக்குக்கூட இழக்கின்றன. அவை வழக்கத்தைவிட அதிகமாக ஆன்டிபயாட்டிக் சுரந்தன. வித்தோ மிகக் குறைவாகத் தந்தன. ஆக்டினோரோடின் தொகுப்பு நடுப்பகுதியில் இருப்பதால் கை போனாலும் அது போவதில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ளவும். காலனியைக் காக்கும் மருந்தை இவை தர, சந்ததியைத் தரும் வேலை முழு குரோமோசோம் கொண்டவற்றுக்கு. அந்த ஆய்வாளர்கள் இதை வேலைப் பிரிவினை என்று விளக்கினார்கள். கிரிசியஸில் மருந்தைக் கொன்ற அதே நிகழ்வு சீலிகலரில் மருந்தைக் கூட்டுகிறது. எந்த மரபணு எந்த இடத்தில் அமைந்திருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

ஆகவே, மாறுபட்ட காலனியைக் கண்டதும் தட்டோடு தூக்கிப் போடுவது சரியல்ல. கழிக்கும் முன் அகார் துண்டு சோதனை ஒன்று செய்துவிடுங்கள். வட்டம் பெரிதாக இருந்தால் அதைத் தனிக் குப்பியில், எந்த மூலக் குப்பியிலிருந்து எத்தனையாவது சுற்றில் வந்தது என்று எழுதி, மூல வளர்ப்போடு கலந்துவிடாமல் வேறு பெட்டியில் உறைய வையுங்கள். வித்து குறைவாகத் தரும் காலனியாக இருப்பின் இழைத்துண்டுகளாகவே சேமிக்கவும். அடுத்த முறை வளர்க்கும்போது அந்தக் குப்பியிலிருந்தே தொடங்கவும். ஏற்கெனவே ஒருமுறை கையை இழந்தது இன்னும் உள்ளே இழக்கக்கூடும்.